இடது ஒரு அளவு, வலது ஒரு அளவு: சைக்கிள் ஷூவும் கிளீட்டும் பொருத்துவது எப்படி

என் வலது பாதத்தின் நீளம் 263 மில்லிமீட்டர். இடது 254. வித்தியாசம் ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான். செருப்பிலும் சாதாரண ஷூவிலும் காலம் ஓட்டியவரை இப்படியொன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அப்புறம், பாதத்தைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் சைக்கிள் ஷூ வாங்கினேன். இரண்டு ஷூவையும் கவிழ்த்து வைத்து, அடியில் அச்சடித்திருந்த கோடுகளைப் பார்த்து, கிளீட் இரண்டையும் நூல் பிடித்ததுபோல் ஒரே இடத்தில் முடுக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் இடது கெண்டைக்கால் மட்டும் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. வலது காலில் ஒரு தொந்தரவும் இல்லை.

ஷூவைப் பார்த்துக் கிளீட் மாட்டியிருந்தேன். உள்ளே இருக்கும் காலைப் பார்க்கவில்லை. இரண்டு ஷூவும் ஒரே அளவு, ஆனால் இரண்டு காலும் ஒரே அளவு இல்லை. தப்பு அவ்வளவுதான். அதைத் திருத்துவது எப்படி என்று புதிதாக வருகிறவர்களுக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் கிளீட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஷூவின் அடியில் போல்ட் போட்டு மாட்டும் சின்னத் துண்டு அது; பிளாஸ்டிக்கிலோ உலோகத்திலோ இருக்கும். பெடலில் வைத்து மிதித்தால் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விடுபடும். பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பூட்டும் கருவிகளைச் செய்துகொண்டிருந்த லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம் 1984-இல் இந்த வகைப் பெடலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே பிரெஞ்சு வீரர் பெர்னார்ட் இனோ அதை மிதித்து டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்தார். அதற்கு முன்னால் விரல்களைக் கூண்டுபோல் பிடிக்கும் கிளிப்பும் வாரும்தான் இருந்தன. அந்தக் கிளிப் இல்லாதது என்பதால் புதியதற்குக் 'கிளிப்லெஸ்' என்று பெயர் வந்தது. பூட்டிக்கொள்ளும் பெடலுக்குப் பூட்டில்லாப் பெடல் என்று பெயர்! புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் குழம்பும் இடம் இது.

கிளீட் இரண்டு ஜாதி. ரோடு சைக்கிள்களில் பெரும்பாலும் மூன்று போல்ட், அகலமானது, ஷூவின் அடியில் துருத்திக்கொண்டு நிற்கும், நடந்தால் வாத்து நடைதான். மலைப் பாதை சைக்கிளுக்கும் ஊர் சுற்றுவதற்கும் இரண்டு போல்ட், சின்னது, அடிப்பாகத்தின் பள்ளத்துக்குள் ஒளிந்துகொள்ளும். கீழே சொல்லப்போவது இரண்டுக்கும் பொருந்தும்.

சாதாரண பெடலில் ஏன் இந்த வம்பெல்லாம் இல்லை? அங்கே பாதம் தனக்கு வசதியான இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே, கொஞ்சம் திரும்பி, நமக்கே தெரியாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். கிளீட் அந்தச் சுதந்திரத்தைப் பறித்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 90 சுற்று மிதிக்கிறீர்கள் என்று வையுங்கள், ஒரு மணி நேரத்தில் 5,400 சுற்று. நாம் முடுக்கிவைத்த அதே இடத்தில், அதே கோணத்தில், 5,400 தடவை. அந்த இடம் ஐந்து மில்லிமீட்டர் தப்பாக இருந்தால் அந்தத் தப்பும் 5,400 தடவை நடக்கிறது.

காலை அளப்பது

இரண்டு பாதமும் அச்சாக ஒரே அளவில் இருப்பதுதான் அபூர்வம். சில மில்லிமீட்டர் வித்தியாசம் நம்மில் பலருக்கும் உண்டு. சிறுவயதில் எலும்பு முறிந்தது, பிறவியிலேயே வளைந்த பாதம், போலியோ, அறுவைச் சிகிச்சை போன்ற காரணங்களால் ஒன்றிரண்டு ஷூ நம்பர் வித்தியாசப்படுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மாலையில் அளப்பது நல்லது. பகல் முழுக்க நின்று நடந்த பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். வெயிலில் சைக்கிள் மிதிக்கும்போதும் அப்படித்தான் வீங்கும். சுவரை ஒட்டித் தரையில் காகிதம் விரித்து, குதிகால் சுவரைத் தொடும்படி நில்லுங்கள். உட்கார்ந்து அளக்கக் கூடாது. உடம்பின் எடை இறங்கினால்தான் பாதம் தன் முழு நீளத்துக்கு விரியும். நீளமான விரல் எதுவோ அதன் நுனியில் ஒரு கோடு; சிலருக்கு அது பெருவிரலாக இருக்காது, இரண்டாவது விரலாக இருக்கும். அடுத்தது இன்னும் முக்கியமான அளவு. பெருவிரல் பாதத்தோடு சேரும் இடத்தில் உட்பக்கம் ஒரு எலும்பு புடைத்துக்கொண்டிருக்கும், தடவினாலே தெரியும். அதற்கு நேராக ஒரு கோடு. சுண்டுவிரல் பக்கமும் அதேபோல் ஒரு எலும்பு, சற்றுப் பின்தள்ளி இருக்கும். அதற்கும் ஒரு கோடு. இந்தக் கட்டுரைக்குள் இவற்றைப் பெருவிரல் முண்டு, சுண்டுவிரல் முண்டு என்று சொல்லிக்கொள்வோம்.

குதிகாலிலிருந்து விரல் நுனி வரை உள்ள நீளம் ஷூ வாங்குவதற்கு. குதிகாலிலிருந்து முண்டு வரை உள்ள நீளம் கிளீட் மாட்டுவதற்கு. இரண்டும் ஒன்றல்ல. ஒரே நீளப் பாதம் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு விரல்கள் நீளமாகவும் இன்னொருவருக்குக் குட்டையாகவும் இருக்கலாம். முண்டு வேறு வேறு இடத்தில் வரும். ஷூ கடைகளில் கால் வைத்து அளக்கும் உலோகத் தட்டு ஒன்று உண்டே, அமெரிக்கரான சார்லஸ் பிரானக் 1920-களில் உருவாக்கியது, அதிலும் இந்த இரண்டு நீளத்தையும் தனித்தனியாக அளக்க வழி இருக்கிறது.

என் கணக்கு: குதிகாலிலிருந்து பெருவிரல் முண்டு வரை வலதில் 191, இடதில் 184. ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம். இந்த ஏழை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

எந்தக் காலுக்கு ஷூ?

பெரிய காலுக்கு. இதில் பேரம் பேச இடமில்லை. நெருக்கும் ஷூவைப் பழகப் பழக இளகும் என்று நம்பி வாங்கினால், சைக்கிள் ஷூ அவ்வளவு இளகாது. அடிப்பாகம் கார்பனோ கெட்டி நைலானோ, வளையவே வளையாது.

ஐரோப்பிய நம்பர் ஒன்றுக்கும் அடுத்த நம்பருக்கும் இடையே சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6.67 மில்லிமீட்டர் வித்தியாசம். பிரிட்டிஷ் நம்பரில் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 8.5 மில்லிமீட்டர். என் ஒன்பது மில்லிமீட்டர் ஒரு நம்பருக்குக் கொஞ்சம் மேல். ஒரு நம்பர், அதைச் சற்றே தாண்டினாலும் சரி, இந்த அளவு வித்தியாசத்துக்கு ஒரே ஜோடி ஷூவை வைத்துச் சமாளித்துவிடலாம். இரண்டு நம்பரை நெருங்கினால் வெவ்வேறு அளவில் வாங்குவதுதான் நிம்மதி. சில தயாரிப்பாளர்கள் ஒரே ஜோடியை இரண்டு அளவில் தருகிறார்கள். இல்லையென்றால் இரண்டு ஜோடி வாங்கி ஜோடிக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான், பர்ஸ் வலிக்கும். எப்படி வாங்கினாலும் இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். மாடலுக்கு மாடல் அடிப்பாகத்தின் கனம் மாறும். ஒரு காலில் கனமான அடி, இன்னொன்றில் மெல்லிய அடி என்றால் ஒரு கால் நீளமான மாதிரி ஆகிவிடும். பாத அளவைச் சரிசெய்யப் போய்ப் புதிதாக ஒரு சிக்கலை விலைக்கு வாங்கியதாகும்.

போட்டுப் பார்க்கும்போது ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை வெளியே உருவி, தரையில் போட்டு, குதிகாலை அதன் பின்னோரத்தில் சரியாக வைத்து ஏறி நில்லுங்கள். முன்னால் எவ்வளவு மிச்சம், பக்கவாட்டில் பாதம் வழிகிறதா என்று கண்ணாலேயே தெரியும். பெரிய காலுக்கு முன்னால் அரை சென்டிமீட்டரோ கொஞ்சம் கூடவோ இருந்தால் போதும். ஓட்டப் பயிற்சி ஷூவுக்கு விடுவதுபோல் ஒரு கட்டைவிரல் இடம் தேவையில்லை. ஓடும்போது பாதம் மடங்கி முன்னால் சறுக்கும். மிதிக்கும்போது அது நடப்பதில்லை.

இப்போது சின்னக் காலுக்கு வருவோம். பெரிய ஷூவுக்குள் அது ஆடும். உடனே நாம் செய்வது என்ன? நுனியில் பஞ்சோ துணியோ அடைப்பது. பள்ளிக்கூட நாளில் ஒரு நம்பர் பெரிதாக வாங்கிப் போட்ட ஷூவில் பழகிய வைத்தியம் அது, இங்கே வேலை செய்யாது. சைக்கிளில் விரலுக்கு முன்னால் காலி இடம் இருப்பதால் ஒரு கெடுதலும் இல்லை, விரல்கள் அங்கே எதையும் உந்துவதில்லை. கெடுதல் பின்னால்தான். பெடல் மேலே வரும்போது குதிகால் ஷூவைவிட்டு எழும்பினால், ஒவ்வொரு சுற்றிலும் பாதம் வழுக்கி முன்னே போய்ப் பின்னே வரும். அப்புறம் கிளீட்டை எவ்வளவு துல்லியமாக மாட்டினாலும் பாதம் அந்த இடத்தில் இருக்காது.

ஆகவே நிரப்ப வேண்டியது நீளத்தை அல்ல, உயரத்தை. ஷூவின் நாக்குக்கு உட்பக்கம் ஒட்டும் மெத்தைத் துண்டு கிடைக்கிறது. அது புறங்காலை அழுத்திக் குதிகாலைப் பின்னால் தள்ளி உட்காரவைக்கும். எனக்கு அந்த ஒன்றே முக்கால்வாசி வேலையைச் செய்துவிட்டது. அந்தக் காலுக்கு மட்டும் சற்றுத் தடித்த சாக்ஸ் போடலாம். குதிகாலின் இரு பக்கமும் ஒட்டும் மெல்லிய பட்டைகளும் உண்டு. இன்சோலுக்கு அடியில் ஒரு மெல்லிய தகடு போடுவதும் வழக்கம்தான், ஆனால் அது பாதத்தையே உயர்த்திவிடும் என்பதை மறக்க வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் பரவாயில்லை. அதற்கு மேல் அடுக்கிக்கொண்டே போனால் ஒரு கால் மட்டும் மேடையேறி நிற்கும்.

இதற்கெல்லாம் இடம் கொடுக்கும் ஷூவாகப் பார்த்து வாங்க வேண்டும். விரலருகே ஒன்று, புறங்காலில் ஒன்று என்று தனித்தனியாக இறுக்க முடிகிற டயலோ பட்டையோ உள்ளது வசதி. ஒரே கயிறு மேலிருந்து கீழ்வரை ஓடும் ஷூவில், குதிகாலை அடக்க இறுக்கினால் விரல்களும் சேர்ந்து நசுங்கும்.

கிளீட் எங்கே வர வேண்டும்?

ஷூவைப் போட்டுக்கொண்டு நன்றாக இறுக்குங்கள். குதிகாலைத் தரையில் ரெண்டு தட்டுத் தட்டினால் அது பின்னால் போய் உட்காரும். இப்போது வெளியிலிருந்து விரலால் அழுத்தித் தேடிப் பெருவிரல் முண்டு இருக்கும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிப் பேனாவால் புள்ளி வையுங்கள். சுண்டுவிரல் முண்டுக்கும் அப்படியே. ஷூ கெட்டியாக இருந்து முண்டு அகப்படவில்லையா? காகிதத்தில் எடுத்த அளவை இன்சோலில் குறித்து, இன்சோலை ஷூவின் அடியில் வைத்துக் குறியை மாற்றிக்கொள்ளலாம். இரண்டு ஷூவிலும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒன்றில் குறித்துவிட்டு மற்றதில் காப்பி அடித்தால் நாம் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்துவிடுவோம்.

பெடலின் நடுவே ஓடும் அச்சு, இந்த இரண்டு முண்டுக்கும் இடையில் வர வேண்டும். பல கிளீட்களின் ஓரத்தில் அந்த அச்சு எங்கே வரும் என்று ஒரு சின்னக் கோடு போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து வைக்கலாம். பழைய வழக்கம், பெருவிரல் முண்டுக்கு நேர் கீழே வைப்பது. இப்போது பலரும் அதைவிடச் சற்றுப் பின்னால் வைக்கிறார்கள். சந்தேகம் வந்தால் பின்னால் வையுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். கிளீட் விரல் பக்கம் அதிகம் போனால், ஒவ்வொரு மிதிக்கும் கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் வேலை கெண்டைக்கால் சதைக்கும் குதிகால் தசைநாணுக்கும் விழும். விரலடியில் எரிச்சலும் மரத்துப்போதலும் வரும். குதிகால் பக்கம் வந்தால் கணுக்கால் அமைதியாக இருக்கும். எகிறி வேகமெடுக்கும்போது துள்ளல் கொஞ்சம் குறைவதுபோல் தோன்றலாம், பந்தயம் ஓட்டாதவருக்கு அது ஒரு இழப்பே இல்லை. நிறையப் பின்னால் நகர்த்தினால் சீட்டைக் கொஞ்சம் இறக்க வேண்டிவரும், அவ்வளவுதான்.

இப்போது அந்த ஏழு மில்லிமீட்டர். இரண்டு ஷூவும் ஒரே அளவு, இரண்டு குதிகாலும் பின்னால் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. வலது முண்டு குதிகாலிலிருந்து 191-இல், இடது முண்டு 184-இல். அப்படியானால் இடது ஷூவில் கிளீட் வலதைவிட ஏழு மில்லிமீட்டர் குதிகால் பக்கம் தள்ளி இருக்க வேண்டும். முதல் தடவை நான் இரண்டையும் ஒரே கோட்டில் வைத்தபோது, இடது பாதத்தைப் பொறுத்தவரை கிளீட் ஏழு மில்லிமீட்டர் விரல் பக்கம் போய்விட்டது. கெண்டைக்கால் இழுத்ததற்கு விளக்கம் அதுதான். சரிசெய்த பிறகு ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தால் ஒன்று முன்னே, ஒன்று பின்னே என்று கோணலாகத் தெரியும். பார்க்கிற யாராவது 'தப்பா மாட்டியிருக்கீங்க' என்பார்கள். சிரித்துவிட்டுக் கிளம்பலாம்.

சில ஷூக்களில் போல்ட் துளையே அவ்வளவு தூரம் நகராது. அப்போது இடதைப் போகும் வரை பின்னால் தள்ளிவிட்டு, மிச்சத்தை விட்டுவிடுங்கள். ஏழில் ஐந்து கிடைத்தாலே கால் நன்றி சொல்லும். வெவ்வேறு அளவில் ஷூ வாங்கியவர்களுக்கு இந்தத் தள்ளல் அநேகமாகத் தேவைப்படாது, சின்ன ஷூவில் துளைகளே குதிகாலுக்கு நெருங்கித்தான் இருக்கும். ஆனாலும் முண்டைக் குறித்துச் சரிபார்க்காமல் நம்ப வேண்டாம்.

இதில் நுணுக்கம் ஒன்று உண்டு. பாதம் ஒரு நெம்புகோல் மாதிரி. பெரிய பாதத்தில் கணுக்காலிலிருந்து பெடல் அச்சு வரை தூரம் அதிகம், சிறியதில் குறைவு. ஒவ்வொரு காலுக்கும் அதனதன் முண்டுப்படி வைத்தால் இரண்டு நெம்புகோலும் வேறு நீளமாகவே இருக்கும். அதனால் பெரிய காலின் கிளீட்டை மட்டும் இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் கொண்டுவந்து வித்தியாசத்தைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். தொடக்கத்திலேயே இதில் இறங்க வேண்டாம். முண்டுப்படி வைத்து ஒரு மாதம் ஓட்டிவிட்டு யோசிக்கலாம்.

அடுத்தது திருப்பம். உயரமான மேசை விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கப் போடுங்கள். பாதங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன? ஒன்று நேராகவும் மற்றது வெளிப்பக்கம் பார்த்தும் இருந்தால், கிளீட்டும் அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டையும் நேராக்க முயன்றால் தண்டனை முழங்காலுக்கு. கிளீட்டிலேயே கொஞ்சம் ஆட்டம் வைத்திருப்பார்கள், பூட்டிய பிறகும் குதிகால் சில டிகிரி அசையும். ஜப்பானிய நிறுவனமான ஷிமானோவின் மூன்று போல்ட் கிளீட்டில் மஞ்சள் 6 டிகிரி, நீலம் 2, சிவப்பு அசையவே அசையாது. லுக் நிறுவனத்தின் கியோ வகையில் கறுப்பு அசையாது, சாம்பல் 4.5, சிவப்பு 9 டிகிரி. சிவப்பு ஒரு வீட்டில் சிறை, இன்னொரு வீட்டில் திறந்த மைதானம்! நிறத்தை மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள். கால்கள் வேறு வேறு அளவில் உள்ளவர் அதிக ஆட்டம் உள்ளதில் தொடங்குவதே புத்திசாலித்தனம். நாம் செய்யும் சின்னத் தப்புகளை அது மன்னிக்கும்.

பக்கவாட்டு நகர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிளீட்டை உட்பக்கம் தள்ளினால் பாதம் கிராங்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கும் கம்பியை, விட்டு வெளியே போகும், வெளிப்பக்கம் தள்ளினால் உள்ளே வரும். நடுவில் வைத்து ஆரம்பியுங்கள். பெரிய காலின் குதிகாலோ கணுக்காலோ கிராங்கில் உரசினால் மட்டும் மாற்றுங்கள்.

பாதம் பெரிதென்றால் கால் நீளமா?

இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு உண்டு. பாதத்தின் நீளம் வேறு, காலின் நீளம் வேறு. ஒரு பாதம் பெரிதாக இருப்பதால் அந்தக் கால் நீளம் என்று சொல்ல முடியாது. கால் நீள வித்தியாசத்துக்குக் கிளீட்டின் அடியில் தகடு வைத்து உயர்த்துவார்கள். அதை அளந்து பார்க்காமல் வைக்கக் கூடாது. இடுப்புச் சாய்ந்திருந்தாலும் ஒரு கால் குட்டை மாதிரியே தெரியும். உண்மையில் எலும்பு குட்டையா, இடுப்பு சாய்ந்திருக்கிறதா என்பதைப் பிசியோதெரபிஸ்டோ எலும்பு மருத்துவரோதான் பிரித்துச் சொல்ல முடியும்.

மாட்டுவதும் ஓட்டிப் பார்ப்பதும்

போல்ட் மரையில் துளி கிரீஸ் தடவுங்கள். 4 மில்லிமீட்டர் ஆலன் கீ போதும். ஒரு போல்ட்டை ஒரேயடியாக முடுக்காமல் ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றி இறுக்கினால் கிளீட் நகராது. ஷிமானோ சொல்லும் இறுக்கம் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். அரைகுறையாக விட்டால் குதிகாலைத் திருப்பும்போது ஷூ மட்டும் திரும்பும், கிளீட் பெடலிலிருந்து கழன்றுவராது. சிக்னலில் நிற்கப் போகும்போது கால் வராவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெடலில் பிடிப்பின் இறுக்கத்தை மாற்றும் திருகு உண்டு. அதைக் குறைத்து வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் இருபது முப்பது தடவை மாட்டிக் கழற்றிப் பழகிவிட்டு வெளியே போங்கள்.

முதல் ஓட்டம் அரை மணி நேரம் போதும். ஆலன் கீயைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், அதுவும் ஒரு காலில், இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று தெரியாது. முழங்காலின் உட்பக்கமோ வெளிப்பக்கமோ வலித்தால் முதலில் கிளீட்டின் திருப்பத்தைப் பாருங்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம், பின்பக்கம் என்றால் உயரமாக இருக்கலாம். அந்த இரண்டுக்கும் கிளீட்டைப் போட்டுப் படுத்தாதீர்கள். சின்னக் காலில் மட்டும் விரல் மரத்துப்போனால் அந்த ஷூவை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறோம் என்று அர்த்தம். தளர்த்தினால் குதிகால் எழும்புகிறதா? அப்போது மெத்தைத் துண்டு போதவில்லை. இரண்டு வாரம் சரிசெய்து பார்த்தும் வலி போகவில்லையென்றால் ஆலன் கீயைக் கீழே வைத்துவிட்டு, பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

எல்லாம் பிடித்த இடத்தில் அமைந்ததும், கிளீட்டைச் சுற்றி மார்க்கர் பேனாவால் ஷூவின் அடியில் கோடு போட்டுவையுங்கள். கிளீட் தேயும் பொருள். நிற்கும்போது எந்தக் காலைத் தரையில் ஊன்றும் பழக்கமோ அந்தப் பக்கம் சீக்கிரம் தேயும். எனக்கு எப்போதும் வலது. தேய்ந்தது ஒன்றே ஆனாலும் ஜோடியாகவே மாற்றிவிடுகிறேன். புதியது ஒரு பக்கம், தேய்ந்தது ஒரு பக்கம் என்றால் ஆட்டமும் பிடிப்பும் இரண்டு காலிலும் இரண்டு மாதிரி இருக்கும். மாற்றும்போது இடது ஷூவின் கோட்டை இடதுக்கும் வலதின் கோட்டை வலதுக்கும் பார்த்து வைக்க வேண்டும். முதல் தடவை மாற்றியபோது பழக்கதோஷத்தில் வலதைப் பார்த்து இடதையும் நேராக்கிவிட்டு, மறுநாள் பத்தாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் ஞாபகப்படுத்தியதும் ஓரமாக நிறுத்தித் திரும்ப மாட்டினேன்.